நினைவுக் கற்களும் நிழற்படங்களும்

(வேதபாடம். வாசிக்க: யோசுவா 4:1-9; அப்போஸ்தலர் 14:24-28)



நம்முடைய சபைகளிலிருந்து வெளிநாட்டு ஊழியப் பயணம் போவது இப்போது அதிகமாகி வருகிறது. இலங்கை, நேபாளம், மலேசியா என்று குழு குழுவாகப் போகிறோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் போய் வந்த பிறகு என்ன நடக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லுகிறோம். ஆளுக்கு நூறு படம் கைபேசியில் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்த ஊர்ப் பெயர்கூட நமக்கு ஞாபகம் வருவதில்லை. அந்த ஜனங்களுக்காக ஜெபிப்பதும் நின்றுபோகிறது.

2024 பிப்ரவரியில் எங்கள் சபையிலிருந்து ஒன்பது பேர் நேபாளத்துக்குப் போய் வந்தோம். அந்தப் பயணத்தின் ஆல்பத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் கொடுக்கப்பட்டது. "இதுல என்ன பெரிய ஊழியம் இருக்கு, படம் ஒட்டுற வேலைதானே" என்று சிலர் சொன்னார்கள். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தபோது கற்றுக்கொண்ட பாடங்களை இங்கே பகிர்ந்துகொள்ளுகிறேன்.

1. நினைவுகூருதல் தேவனுடைய யோசனை

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுக்கும்படி கர்த்தரே கட்டளையிட்டார். பின்னாளில் பிள்ளைகள் இந்தக் கற்கள் என்னவென்று கேட்கும்போது, தகப்பன்மார் பதில் சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல ஆல்பத்தின் இலக்கணமும் அதுதான்: ஒரு பிள்ளை அதைப் பார்த்துக் கேள்வி கேட்கவேண்டும், பெரியவர் அதற்குக் கர்த்தருடைய கிரியையைப் பதிலாகச் சொல்லவேண்டும்.

பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணத்தை முடித்து அந்தியோகியாவுக்கு வந்தவுடனே சபையைக் கூட்டி, தேவன் தங்களைக் கொண்டு செய்தவைகளை எடுத்துச் சொன்னார்கள். அனுப்பின சபைக்குக் கணக்குக் கொடுப்பது ஊழியத்தின் ஒரு பகுதி.

நம்முடைய தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கும் அவரது உடன் ஊழியர்களும் எழுதி அனுப்பிய கடிதங்கள், 1710 முதல் ஜெர்மனியில் ஹாலே பட்டணத்தில் அச்சாகி வெளிவந்தன. தரங்கம்பாடியை ஒருநாளும் பார்த்திராத விசுவாசிகள் அவைகளை வாசித்து ஜெபித்தார்கள், காணிக்கை அனுப்பினார்கள். அந்தக் காகிதங்கள் இன்றைக்கும் ஹாலேயில் பாதுகாக்கப்படுகின்றன. 1906இல் அசூசா தெருவில் எழுப்புதல் உண்டானபோதும், அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பத்திரிகை ஆரம்பமாகி, தூர தேசங்களுக்குப் போனவர்களின் கடிதங்களைச் சுமந்து சென்றது. எழுப்புதலின் அக்கினி எழுத்தின் வழியாகவும் பரவியது.

2. நினைவுச்சின்னம் கண்ணியாகவும் மாறும்

கிதியோனுக்குக் கர்த்தர் பெரிய ஜெயத்தைக் கொடுத்தார். அந்த ஜெயத்தின் பொன்னை வாங்கி ஒரு ஏபோத்தை உண்டாக்கி ஒப்ராவில் வைத்தான். அதுவே அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று (நியாயாதிபதிகள் 8:27). எசேக்கியா ராஜா பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குத் தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டினான். காட்டாத பொருள் ஒன்றுமில்லை. என்ன நடந்தது? காட்டினதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும் என்ற தீர்க்கதரிசனம் வந்தது (ஏசாயா 39).

நம் ஆல்பத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது. விமான நிலையத்தில் நாம், மலையுச்சியில் நாம், மைக் பிடித்து நாம், அரிசி மூட்டை கொடுக்கிற நாம். கடைசியில் இயேசு எங்கே? அந்தத் தேசத்து விசுவாசிகள் எங்கே?

அதனால் ஒரு சின்ன ஒழுங்கை வைத்துக்கொண்டோம். ஆல்பத்தை மூன்று பங்காகப் பிரித்தோம். முதல் பங்கு, கர்த்தர் அந்தத் தேசத்தில் ஏற்கெனவே செய்து வருகிற கிரியை. இரண்டாம் பங்கு, அங்குள்ள சபையார் நமக்குச் செய்த உபகாரம். மூன்றாவதுதான் நம் குழு. பவுலின் கப்பல் உடைந்தபோது மெலித்தா தீவார் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டதை லூக்கா மறக்காமல் எழுதினான் (அப். 28:2). நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு தாயார் தங்கள் கம்பளியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் அடுப்பங்கரையில் படுத்துக்கொண்டார்கள். அந்த அடுப்பின் படம் எங்கள் ஆல்பத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் கொடுத்த அரிசியின் படம் இல்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் போதித்தாரே, கேமராவுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா?

3. லூக்காவைப் போல எழுதுங்கள்

படம் பேசும் என்பார்கள். பத்து வருஷம் கழித்து அது பேசாது, எழுத்துதான் பேசும். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்திலிருந்து லூக்கா "நாங்கள்" என்று எழுதுகிறதைக் கவனியுங்கள். துரோவா, சாமோத்திராக்கே, நெயாப்போலி, பிலிப்பி என்று இடம் இடமாக எழுதுகிறான். எத்தனை நாள் பயணம், எத்தனை நாள் தங்கினோம் என்று எழுதுகிறான். கப்பலில் 276 பேர் என்றுகூட எண்ணி எழுதியிருக்கிறான் (அப். 27:37). "ஆண்டவர் மகத்தான காரியங்களைச் செய்தார்" என்று பொதுவாக எழுதிவிட்டு அவன் போகவில்லை.

ஆகவே ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு காரியம் எழுதுங்கள்: எந்த இடம், எந்த நாள், என்ன நடந்தது, எதற்காக ஜெபிக்கவேண்டும்.

நேபாளத்துக்குப் போகிறவர்களுக்கு இதில் சில விசேஷ குறிப்புகள். அங்கே விக்ரம் நாட்காட்டி வழக்கத்தில் இருக்கிறது. நம் ஆண்டைவிட ஏறக்குறைய 57 கூடுதல். 2024 பிப்ரவரி அங்கே 2080. பஸ் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினால் பின்னால் வருகிறவர்கள் குழம்புவார்கள். இரண்டு தேதியையும் எழுதுங்கள். அவர்கள் கடிகாரம் நமக்குக் கால்மணி நேரம் முந்தியது. அங்குள்ள சபைகள் பெரும்பாலும் சனிக்கிழமையில் ஆராதிக்கின்றன. நெடுங்காலமாக வார விடுமுறை அந்த நாள்தான் என்பதே காரணம். இதை எழுதாவிட்டால், "இவர்கள் ஓய்வுநாள் சபையாரா?" என்று பார்க்கிறவர் தவறாக நினைப்பார். 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தை உலுக்கிய பூமியதிர்ச்சி வந்ததும் சனிக்கிழமைதான், பகல் 12 மணிக்குச் சற்று முன். ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மாண்டார்கள். அது பல இடங்களில் ஆராதனை வேளை. இப்படி ஒரு வரி எழுதியிருந்தால், இடிந்து மறுபடியும் கட்டப்பட்ட ஒரு ஜெபவீட்டின் படத்தைப் பார்க்கிறவர் சும்மா பக்கத்தைப் புரட்டமாட்டார்.

4. மறைக்கவேண்டிய முகங்கள்

இது மிகவும் முக்கியமான பகுதி, கவனமாக வாசியுங்கள்.

நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 26ஆம் பிரிவில், ஒருவரை ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்து வருஷம் வரை சிறையும், ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டாரானால் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார்கள். நாம் ரயிலேறி கோரக்பூர் வழியாக வீடு வந்து சேர்ந்துவிடுகிறோம். அங்கே இருக்கிற போதகரும் விசுவாசிகளும் எங்கே போவார்கள்?

எங்கள் பயணத்தில் உள்ளூர்ப் போதகர் ஒரு சகோதரிக்குக் குளிர்ந்த ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த மகள் தண்ணீரிலிருந்து எழும்புகிற படம், எடுத்த படங்களிலெல்லாம் மிக அருமையான படம். முகமெல்லாம் ஆனந்தம். ஆனால் அவள் வீட்டாருக்கு இது தெரியாது.

ஆல்பத்துக்குப் படம் தெரிந்தெடுக்க உட்கார்ந்தபோது எங்கள் மூப்பர் ஒருவர், "இதுதானம்மா சாட்சி! இதை வைக்காம வேற எதை வைப்பீங்க?" என்றார்.

"ஐயா, நாம வச்சா நம்ம சபையில மட்டும் நிக்காது. யாராவது போன்ல எடுத்து அனுப்பிடுவாங்க. ஒரே நாள்ல அவங்க ஊருக்கே போயிடும்" என்றேன்.

"கர்த்தர் காப்பாத்தமாட்டாராம்மா?"

எங்கள் பாஸ்டர் யோவான் 12ஐத் திறந்து 10ஆம் வசனத்தை வாசித்தார். லாசரு உயிர்த்தெழுந்தவன், அவன் முகமே சாட்சி. அதினிமித்தமே பிரதான ஆசாரியர் அவனையும் கொலைசெய்ய ஆலோசித்தார்கள். பின்பு பாஸ்டர், "பவுலை ராத்திரியில கூடையில வச்சுதானே மதில் வழியா இறக்கினாங்க. அவங்களுக்கு விசுவாசம் இல்லையா? ஞானமும் கர்த்தர் கொடுக்கிறதுதான், ஐயா" என்றார். மூப்பர் சற்று நேரம் அமைதலாயிருந்து, "அப்ப அந்த இடத்தை வெறுமையா விடுங்க. ஆனா பக்கத்தை எடுத்துடாதீங்க" என்றார்.

அப்படியே செய்தோம். அந்தப் பக்கத்தில் ஆற்றின் படம் இருக்கிறது. அதன் பக்கத்தில் படம் ஒட்டாத ஒரு வெள்ளைக் கட்டம். கீழே "ஒரு சகோதரி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எங்கள் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஜனங்கள் அதிகமாகக் கைவைத்து ஜெபித்த பக்கம் அதுதான். அதன் ஓரம் இப்போது அழுக்கேறிப் போயிருக்கிறது. அவள் பெயர் ஜீவபுஸ்தகத்தில் இருக்கிறது, அது போதும்.

ஆகவே நினைவில் வையுங்கள்:

• படம் எடுக்குமுன் கேளுங்கள். எடுப்பதற்கும் ஆல்பத்தில் வைப்பதற்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகளானால் பெற்றோரிடம் கேளுங்கள்.
• தெரு, பெயர்ப்பலகை, ஜெபவீட்டின் முகப்பு படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள்.
• கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடம் மறைவாகப் பதிந்திருக்கலாம். பயணத்துக்குமுன் கேமராவில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.
• கிழிந்த உடுப்பு, நோயாளி, அழுகிற பிள்ளை ஆகிய படங்களைக் காணிக்கைக்காகக் காட்டாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளையை அப்படி ஒருவர் காட்டினால் பொறுப்போமா?

5. கைவேலையும் கர்த்தருக்கே

ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்குப் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினார் கர்த்தர். ஆல்பம் செய்கிற வேலையையும் அசட்டையாகச் செய்யலாகாது.

அமிலம் இல்லாத கெட்டிக் காகிதம் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சார்ட் சில வருஷத்தில் பழுப்பாகிவிடும். ஒட்டுத்தாளின்மேல் பிளாஸ்டிக் மூடிய பழைய மாதிரி ஆல்பம் வேண்டாம். அந்தப் பசை படத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு கிழியாமல் எடுக்கமுடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், மஞ்சளாகும். நான்கு மூலையிலும் சொருகுகிற போட்டோ கார்னர் நல்லது. பிளாஸ்டிக் உறை போட்டால் பி.வி.சி. அல்லாததாக வாங்குங்கள். பஸ் டிக்கெட், கடை ரசீது முதலியவை சூட்டில் அச்சாகும் தாளானால் எழுத்து மறைந்துபோகும். உடனே நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள். செய்தித்தாள் துண்டுக்கும் அப்படியே. ஈரச் சுவரையொட்டி அலமாரியில் வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

ஐந்நூறு படத்தில் அறுபதைத் தெரிந்துகொண்டால் போதும். நாற்பது பக்கத்துக்குமேல் போனால் ஒருவரும் கடைசிவரை பார்ப்பதில்லை.

6. மூடி வைக்காதீர்கள்

மோசே செய்த வெண்கல சர்ப்பம் ஜனங்கள் தூபங்காட்டுகிற பொருளானபோது எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். ஆல்பமும் கண்ணாடி அலமாரியில் காட்சிப்பொருளாக இருக்கவேண்டாம். வாரம் ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள். குடும்ப ஜெபத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் திறந்து ஜெபிக்கட்டும். பின்பக்கத்தில் சில வெறுந்தாள்களை விட்டு, ஜெபத்துக்குப் பதில் வந்த தேதியை எழுதுங்கள்.

சிந்திக்க:
1. நம் சபையின் ஆல்பத்தில் அதிகமாகத் தெரிகிற முகம் யாருடையது?
2. அதிலுள்ள ஒருவர் நேரில் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாரா, வெட்கப்படுவாரா?
3. பெயர் எழுதமுடியாத எத்தனை பேருக்காக நாம் தினமும் ஜெபிக்கிறோம்?

கர்த்தருக்குப் பயந்தவர்களுக்காக அவருடைய சமுகத்தில் ஒரு ஞாபகப்புஸ்தகம் எழுதப்பட்டிருக்கிறது என்று மல்கியா சொல்லுகிறான். அந்தப் புஸ்தகத்துக்கு முன்பாக நம்முடைய ஆல்பம் சிறியதுதான். ஆனாலும் உண்மையாய்ச் செய்வோம். ஜெய மசீஹ் என்று நம்மை வாழ்த்தி வழியனுப்பின அந்தப் பரிசுத்தவான்களைக் கர்த்தர் தமது செட்டைகளின் நிழலில் மறைத்துக் காப்பாராக. ஆமென். மாரநாதா!