திருவாதிரை நாளைக்கே வெடிக்காது

ரோகிணி, திருவாதிரை, சுவாதி, கேட்டை. பஞ்சாங்கத்தில் தினமும் கண்ணில் படும் இந்த நான்கு பெயர்களுக்கும் உரிய முதன்மை விண்மீன்கள் முதுமையில் ஊதிப் பெருத்தவை. ரோகிணியும் சுவாதியும் சிவப்பு ராட்சதர்கள். திருவாதிரையும் கேட்டையும் அவற்றையும் விஞ்சிய பெருராட்சதர்கள். இவற்றைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பாதி தலைகீழானவை.

நம்பிக்கை: சிவப்பாக இருந்தால் சூடு அதிகம்.

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகுதான் மஞ்சளாகி வெளுக்கும். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,300 டிகிரி செல்சியஸ், சூரியனுக்கு 5,500.

நம்பிக்கை: இவ்வளவு பெரிதென்றால் எடையும் அவ்வளவு இருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரோகிணியின் குறுக்களவு சூரியனைப் போல 40 மடங்குக்கும் மேல். நிறையோ சூரியனைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். திருவாதிரையைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டிப் பரவும். அதற்குள் கோடிக்கணக்கான சூரியன்கள் அடங்கும். ஆனால் அதன் நிறை 15 முதல் 20 சூரியன்களுக்குச் சமம் என்றே கணிக்கிறார்கள். கணக்குப் போட்டால், சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அதன் வெளிப்பகுதியைப் பூமியில் யாராவது காட்டினால் ‘வெற்றிடம்’ என்றுதான் சொல்வோம். அடர்த்தியெல்லாம் நடுவில் இருக்கும் சிறிய கருவில்தான்.

நம்பிக்கை: எரிபொருள் தீர்ந்துவிட்டதால் மங்கிக்கொண்டிருக்கின்றன.

கருவில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் கரு சுருங்கிச் சூடேறுகிறது. அதைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அடுக்கு முன்னைவிட மும்முரமாக எரிகிறது. அந்த வேகத்தில் வெளிப்புறம் உப்பிக் குளிர்கிறது. மேற்பரப்பு குளிர்ந்தாலும் பரப்பளவு பெருகிவிடுவதால் மொத்த ஒளி கூடுகிறது. ரோகிணி சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசம்.

நம்பிக்கை: திருவாதிரை வெடிக்கப்போகிறது, பூமி பொசுங்கும்.

2019 இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியபோது கிளம்பிய புரளி இது. சிலி நாட்டில் உள்ள தொலைநோக்கி எடுத்த படங்களில் விண்மீனின் தென்பாதி மட்டும் இருண்டிருந்தது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தையே மறைத்திருந்தது. சில மாதங்களில் பழைய ஒளி திரும்பிவிட்டது. வெடிக்கப்போவது உண்மைதான்; ஆனால் அதற்கு ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம். வெடித்தாலும் 500 ஒளியாண்டுகளுக்கு மேல் தள்ளியிருப்பதால் நமக்கு ஆபத்தில்லை. பகலிலும் தெரியும், வேடிக்கை பார்க்கலாம்.

நம்பிக்கை: சூரியனும் ஒருநாள் இப்படி வெடிக்கும்.

வெடிக்க, சூரியனைப் போல் சுமார் 8 மடங்கு நிறை வேண்டும். நம் சூரியன் 500 கோடி ஆண்டுகள் கழித்துச் சிவப்பு ராட்சதனாகி, புதனையும் வெள்ளியையும் விழுங்கி, கடைசியில் வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கும்.

மார்கழியில் முன்னிரவு கிழக்கே பாருங்கள். வரிசையான மூன்று விண்மீன்களுக்கு இடப்பக்கம் சிவப்பாகத் தெரிவது திருவாதிரை, வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையில் மின்னுவது ரைகல். இரண்டில் சூடானது ரைகல்தான்.