படுக்கைப் புண்: வருமுன் காத்தல்

ஜவ்வாது மலையில் புளி உலுக்கவும் தேன் எடுக்கவும் மரம் ஏறுவோர் பலர். தவறி வீழ்ந்து முதுகெலும்பு முறிந்தால், தண்டுவடம் கெட்டு, உடலின் கீழ்ப்பாகம் அசைவும் உணர்ச்சியும் அற்றுப்போகக் கூடும். பக்கவாதத்தாலும் தலைக்காயத்தாலும் படுக்கையில் கிடக்க நேர்வதுண்டு. இத்தகையோருக்கு மருத்துவமனையிலேயே நேரக்கூடிய பெருந்துன்பம் படுக்கைப் புண். அதன் காரணங்களை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இரவும் பகலும் நோயாளியின் அருகிலிருப்பவர் உறவினரே அல்லவா?

முதற் காரணம் அழுத்தம். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சதை நசுங்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். கல்லின் கீழ் அகப்பட்ட புல்லைப்போல் அவ்விடம் மடியும். நலமுள்ளவர் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறார். நரம்பு கெட்டவருக்கோ வலி தெரிவதில்லை. தெரிந்தாலும் புரள இயலுவதில்லை. முதுகின் அடிப்பாகம், இடுப்பெலும்பு, குதிகால், பின்தலை ஆகிய இடங்களே முதலில் கெடுவன.

இரண்டாவது ஈரம். சிறுநீரும் மலமும் தாமாகப் பிரிவதால் தோல் ஊறி வலுவிழக்கிறது. மூன்றாவது உராய்வு. நோயாளியைத் தூக்காமல் இழுத்தால், தறியில் உராய்ந்த இழைபோல் தோல் நைந்துவிடும். நான்காவது ஊட்டக்குறைவும் இரத்தசோகையும். முதுமை, நீரிழிவு, காய்ச்சல், நினைவிழப்பு ஆகியவை இவற்றோடு சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

புண்ணின் முதல் அடையாளம், விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு. கருநிற மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாது; ஆகவே அவ்விடம் சுற்றுத் தோலினும் சூடாகவோ கடினமாகவோ உள்ளதா என்று தினமும் தடவிப் பார்க்க வேண்டும். கண்டவுடன் செவிலியரிடம் கூறுக. அவ்விடத்தை அழுத்தித் தேய்த்தல் கூடாது. வளையம் போன்ற திண்டும் உதவாது. பொதுவாக இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தலும், விரிப்பைச் சுருக்கமின்றி உலர வைத்தலும், முட்டை, பருப்பு முதலியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் அளவில் ஊட்டுதலும் நம் கடமை. அசட்டை செய்த புண் எலும்புவரை ஆழ்ந்து, இரத்தத்தில் நஞ்சேறி உயிரையும் மாய்க்கும்.

நம் மலைக்கு அண்மையிலுள்ள வேலூரில் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புனர்வாழ்வு நிலையம் தோன்றிற்று. கால்கள் செயலற்ற பின்னரும் பயனுள்ள வாழ்வு உண்டு. அவ்வாழ்வுக்கு நோயாளியைக் கொண்டு சேர்க்க வேண்டுமாயின், முதலில் அவர் தோலைக் காத்தல் வேண்டும்.