எழுத்துப் புதிரும் பார்வையற்றோரும்

கேள்வி: இணையப் படிவங்களில் கோணல்மாணலான எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்கிறார்கள். பார்வையற்ற என் அண்ணன் என்ன செய்வார்? வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. பல தளங்கள் அதைத் தேடவில்லை என்பதுதான் வேதனை.

இந்தச் சோதனைக்குக் கேப்ச்சா என்று பெயர். போலிக் கணக்குகளை மொத்தமாகத் திறக்கும் நிரல்களைத் தடுக்க, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவல் பிளம் ஆகியோரின் குழு 2000-ஆம் ஆண்டையொட்டி இதை வடிவமைத்தது. சிக்கல் அடித்தளத்திலேயே இருக்கிறது. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளால் படத்தைப் படிக்க முடியாது. அதற்குப் புரியும்படி விளக்கம் எழுதினால் திருட்டு நிரலும் அதைப் படித்துவிடும். அதற்கு மாற்றாக, கேட்டுத் தட்டச்சு செய்யும் ஒலிப் புதிர் வந்தது. காதும் கேளாதவருக்கு அதுவும் பயனில்லை.

இத்தனை பேரை வெளியே நிறுத்தியும் பூட்டு உறுதியாக இல்லை. நெளிந்த எழுத்துகளைத் தன் மென்பொருளே 99.8 விழுக்காடு சரியாகப் படிக்கிறது என்று 2014-இல் கூகுள் அறிவித்தது. மூன்றாண்டுகளில் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலிப் புதிரையும் உடைத்தார்கள்.

சிறிய தளத்துக்கு எளிய தடுப்பே போதும். மனிதர் கண்ணிலும் திரைவாசிப்பிலும் படாத ஒரு வெற்றுக் கட்டத்தைப் படிவத்தில் வைப்பார்கள். கண்டதையெல்லாம் நிரப்பும் நிரல் அதையும் நிரப்பிச் சிக்கிக்கொள்ளும். நொடிப்பொழுதில் நிரம்பி வரும் படிவத்தையும் ஒதுக்கலாம். குறிவைத்துத் தாக்குபவர்களிடம் இது பலிக்காது. அங்கே மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பிச் சரிபார்ப்பது நல்லது.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் 2023 அணுகல் நெறிமுறை, உள்நுழைவை எழுத்துப் புதிரால் மட்டும் பூட்டக் கூடாது என்கிறது. அண்ணன் புகார் எழுதும்போது இதைக் குறிப்பிடலாம்.