ஒரு கைப்பிடி சாமையில் ஒரு பாடம்

சமச்சீர் உணவு, பயிர்ப் பெருக்கம், உணவுச் சங்கிலி என நம் பாடநூல்களில் உணவு பல இடங்களில் வருகிறது. நாம் எதை உண்கிறோம் என்பதே வயலில் எது விளையும் என்பதை முடிவு செய்கிறது என்பதை மட்டும் மாணவர்கள் எளிதில் உணர்வதில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்து பார்க்கத்தக்க ஒரு செயல்பாடு இது.

உமி நீக்காத சாமையை ஒரு கிண்ணத்திலும், கேழ்வரகை இன்னொரு கிண்ணத்திலும் வையுங்கள். இரண்டையும் சமைக்கத் தயார் செய்யச் சொல்லுங்கள். கேழ்வரகைப் புடைத்து அப்படியே மாவாக அரைத்துவிடலாம். கம்பும் சோளமும்கூட அப்படித்தான். சாமையின் உமியோ விரலால் தேய்த்தால் போகாது. தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ஒரு கைப்பிடிக்கே இவ்வளவு பாடு என்றால், ஒரு குடும்பத்துக்கு நாள்தோறும் உரலில் குத்தியவர் யார் என்று கேளுங்கள். "பாட்டி ஏன் அரிசிக்கு மாறினார்?" என்ற கேள்விக்கு மாணவர்களே விடை சொல்லிவிடுவார்கள். நாகரிக மோகம் என்று நாம் எளிதாகச் சொல்லும் காரணம் பாதி உண்மைதான்.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் சாமை விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. கிழங்கு சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போனது. நகரத்தில் நாம் வைக்கும் பாயசத்துக்கும் மலையில் மாறிய பயிருக்கும் தொடர்பு உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பெண்கள் குழுக்களுடன் சேர்ந்து உமி நீக்கும் இயந்திரங்களை அமைத்தபோது குத்தும் வேலை குறைந்தது.

அடுத்து ஒரு கணக்கு. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. ஓர் ஊரில் 100 குடும்பங்கள் மாதந்தோறும் வாங்கினால் ஆண்டுக்கு 2,400 கிலோ. ஏக்கருக்கு 800 கிலோ விளைகிறது என்று வைத்துக்கொண்டால், 3 ஏக்கர் மானாவாரி நிலத்தின் விளைச்சலுக்கு வாங்க ஆள் இருக்கிறது. உங்கள் பகுதியின் உண்மையான விளைச்சலை வேளாண் அலுவலரிடம் கேட்டு, மாவட்டம் முழுவதற்கும் போடச் சொல்லுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதையும், அரிசியில் அது 10 மில்லி கிராம் அளவே என்பதையும் இதே வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். அரிசியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்; காவிரிப் படுகைக்கு நெல்லே பொருத்தம். கடையில் சாமை அரிசியின் விலை அதிகம். இலவச அரிசியை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளையிடம் "சிறுதானியம் சாப்பிடு" என்று உபதேசிப்பது நியாயமில்லை. இன்னொன்று, கூழ் கொண்டுவரும் மாணவனைக் கேலி செய்யும் வழக்கம் சில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கேலி ஒரு பயிரையே வீட்டை விட்டு விரட்டிவிடும். நம் சாப்பாட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டுப்பாடமாக, தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள்: என்ன விதைத்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், ஏன்? பதில்களை ஒரே குறிப்பேட்டில் தொகுத்து வையுங்கள். உமியுடன் கூடிய சாமை மளிகைக் கடையில் கிடைப்பது அரிது. விவசாயிகளிடமோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.