சிமென்ட் தொழிலாளிகளின் கால்பந்து அணி

ஃபுட்பால் கிளப் என்றாலே மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்று மூணு பேரைத்தான் எல்லாரும் சொல்றாங்க. இந்த முறை நான் எழுதப் போவது மெக்சிகோ நாட்டின் ‘குரூஸ் அசூல்’ பற்றி. ஸ்பானிஷ் மொழியில் குரூஸ் என்றால் சிலுவை, அசூல் என்றால் நீலம். நீலச் சிலுவை! ஏதோ ஆஸ்பத்திரி நடத்துற டீம்னு நினைச்சிடாதீங்க. அது ஒரு சிமென்ட் கம்பெனியின் பேர். அந்தக் கம்பெனியின் நீலச் சிலுவைதான் ஜெர்சியின் நெஞ்சிலும் இருக்கிறது.

மெக்சிகோவில் இடால்கோ மாநிலம், தூலா பகுதியில் ஹாசோ என்று ஒரு ஊர். அங்கே இருந்த சிமென்ட் ஆலைத் தொழிலாளர்கள் 1927 மே 22 அன்று இந்த அணியைத் தொடங்கினார்கள். வேலை முடிஞ்சதும் ஆடுற டீம், அவ்வளவுதான். ஆனால் நாலு வருஷத்தில் ஆலைக்கே ஆபத்து வந்தது. 1931-ல் போட்டிக் கம்பெனியான தோல்தேகா இந்த ஆலையை வாங்கி மூடப் பார்த்தது. தொழிலாளிகள் விடவில்லை. “நாங்களே நடத்திக்கிறோம்” என்று ஆலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்றது. 1934-ல் அது முறைப்படி கூட்டுறவுச் சங்கமாக ஆனது. சமூக அறிவியலில் கூட்டுறவு பற்றிப் படிக்கிறோமே, அதேதான். முதலாளி கிடையாது, உறுப்பினர்களே சொந்தக்காரர்கள். ஊரின் பெயரே பிறகு ‘சியுதாத் கோஆபரேத்திவா குரூஸ் அசூல்’, அதாவது குரூஸ் அசூல் கூட்டுறவு நகரம் என்று மாறிவிட்டது. ஆக, அங்கே ஆலை, ஊர், அணி மூணுக்கும் ஒரே பேர்!

1953-ல் கியேர்மோ ஆல்வாரெஸ் மசியாஸ் என்பவர் சங்கத்தின் மேலாளர் ஆனார். ஆலையோடு சேர்ந்து அணியும் வளர்ந்தது இவர் காலத்தில்தான். 1964-ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1968-69 சீசனிலேயே சாம்பியன்! 1971-ல் தலைநகருக்கு வந்து பிரம்மாண்டமான அஸ்டெக்கா மைதானத்தில் ஆட ஆரம்பித்தார்கள். 1970-லிருந்து 1980-க்குள் மட்டும் ஆறு லீக் பட்டங்கள், அதில் மூன்று அடுத்தடுத்து (1972, 1973, 1974). ரயில் என்ஜின் மாதிரி எதிரிகளை இடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போனதால ‘லா மாக்கினா’, அதாவது இயந்திரம், என்று பட்டப்பேர்.

அந்தக் காலத்து கோல்கீப்பர் மிகேல் மரீன் அர்ஜென்டினாக்காரர். அவருக்கு ‘சூப்பர்மேன்’ என்று பேர். ஆனா 1976-ல் அட்லாந்தே அணியுடன் ஆடும்போது, பந்தைத் தன் ஆளுக்கு எறியப்போய் பாதியில் மனசை மாத்தி, தன் வலைக்குள்ளேயே போட்டுவிட்டார்! அதுக்காக யாரும் அவரைக் கைவிடவில்லை. 1979, 1980 பட்டங்களையும் அவரை வைத்துத்தான் ஜெயித்தார்கள்.

அதன்பின் பட்டத்துக்கு 17 வருஷம் காத்திருக்க வேண்டியதாச்சு. 1997 டிசம்பர் 7, லியோன் அணியுடன் இறுதிப் போட்டி. கூடுதல் நேரம். அப்போது ‘கோல்டன் கோல்’ விதி உண்டு, முதல் கோல் போட்டவுடன் ஆட்டம் முடிந்துவிடும். லியோன் கோல்கீப்பர் கோமித்சோ, கார்லோஸ் எர்மோசியோவின் முகத்தில் காலால் உதைத்தார். பெனால்டி! முகத்தில் ரத்தத்தோடு எர்மோசியோவே அடித்து ஜெயிக்க வைத்தார்.

இனிமேதான் சோகக் கதை. 2001-ல் தென் அமெரிக்காவின் லிபர்தாதோரஸ் கோப்பையில் இறுதிக்குப் போன முதல் மெக்சிகோ கிளப் இதுதான். போகா ஜூனியர்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று ஜெயித்தும், முதல் ஆட்டத்தில் தோற்றிருந்ததால் பெனால்டிக்குப் போய்த் தோற்றார்கள். லீக்கிலோ 1999 முதல் 2018 வரை ஆறு இறுதிப் போட்டிகள், ஆறிலும் தோல்வி! அதில் 2013 மே 26-ஐ மறக்கவே முடியாது. எதிரணி பரம எதிரியான அமெரிக்கா கிளப் (நாடு இல்லீங்க, மெக்சிகோ சிட்டியில் ஒரு கிளப்பின் பேரே அதுதான்). இரண்டு ஆட்டமும் சேர்த்து குரூஸ் அசூல் 2-0 முன்னிலை. எதிரணியில் பத்தே பேர். 89-வது நிமிடம் வாக்கில் ஒரு கோல் விழுந்தது. 93-வது நிமிடத்தில் அமெரிக்காவின் கோல்கீப்பர் மொய்சேஸ் முன்யோஸ் முன்னால ஓடி வந்து தலையால் முட்டி இன்னொரு கோல்! பெனால்டியில் கோப்பை போயே போச்சு.

இதனால் மெக்சிகோக்காரர்கள் ஒரு வினைச்சொல்லே உண்டாக்கிவிட்டார்கள்: ‘குருசசுலெயார்’. ஜெயிக்கப் போகும் நேரத்தில் கோட்டை விடுவது என்று அர்த்தம். பரீட்சைக்கும் சொல்லலாம், காதலுக்கும் சொல்லலாம். ஆனா எனக்கு இந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. ஆறு தடவை ஃபைனலில் தோற்கணும்னா ஆறு தடவை ஃபைனலுக்கு வரணுமே! அதை யாரும் எண்ணுவதில்லை.

உண்மையான கவலை மைதானத்துக்கு வெளியேதான் இருந்தது. முதலாளி இல்லாத சங்கம் என்று சொன்னேன் இல்லையா? அந்த மசியாஸின் மகன் பில்லி ஆல்வாரெஸ் 1988 முதல் மேலாளராக இருந்தார். உறுப்பினர்களுக்குள் பல வருஷம் சண்டை. நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டில் 2020-ல் அவரைக் கைது செய்ய உத்தரவு வந்து, பதவியை விட்டார். 2025 ஜனவரியில்தான் பிடிபட்டார். (இது குற்றச்சாட்டு, தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை.) எல்லாருக்கும் சொந்தமான ஒன்றை ஒரு வீட்டுக்காரங்களே இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தது எப்படி என்று யோசித்தால், தோற்ற ஃபைனல்களை விட இதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

அதே 2020 டிசம்பரில் அரையிறுதியில் பூமாஸ் அணியை முதல் ஆட்டத்தில் 4-0 என்று ஜெயித்து, அடுத்த ஆட்டத்தில் 0-4 என்று தோற்று வெளியேறினார்கள். லீக் பட்டியலில் பூமாஸ் மேலே இருந்ததால் அதற்கு வாய்ப்பு போனது. புது பயிற்சியாளராக பெரு நாட்டுக்காரர் ஹுவான் ரெய்னோசோ வந்தார். 1997-ல் ஜெயித்த அதே அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர்தான் அவர்! 2021 மே 30 அன்று சாந்தோஸ் லகுனா அணியுடன் இரண்டாம் ஆட்டம் 1-1. முதல் ஆட்டத்தில் 1-0 என்று ஜெயித்திருந்ததால் ஒன்பதாவது லீக் பட்டம் கிடைத்தது. 23 வருஷமும் 5 மாசமும் ஆகியிருந்தது. 2025 ஜூன் 1 அன்று கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் கனடாவின் வான்கூவர் அணியை 5-0 என்று அடித்து நொறுக்கினார்கள். அன்னைக்கு அந்த வினைச்சொல்லுக்கு வேலையே இல்லை!