மூடிய மண்ணே வாழும் மண்

ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைப் பற்றிப் பேசாத நாளில்லை. பால் எவ்வளவு கண்டது, பட்டை எப்படி இருக்கிறது, மழையால் வெட்டு நின்றதா என்று நாள்தோறும் பேசுகிறோம். அம்மரத்தைத் தாங்கி நிற்கும் மண்ணைப் பற்றி எப்போதேனும் பேசுகிறோமா? மரத்தின் நோய் உடனே கண்ணில் படும். மண்ணின் நோயோ பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். ஆகவே, மண்ணின் உடல்நலத்தையும் இயற்கை வேளாண்மையின் அடிப்படைகளையும் நம் தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டே இப்பாடத்தில் காண்போம்.

மண் என்பது யாது?

மண் வெறும் தூளாகிய பாறையன்று. பாறைத்துகள், நீர், காற்று, மட்கிய இலைதழை, எண்ணற்ற சிற்றுயிர்கள் ஆகிய ஐந்தும் கலந்ததே மண். இவற்றுள் மட்கும் சிற்றுயிர்களும் பெரும்பாலும் மேற்பரப்பில் ஒரு சாண் ஆழத்திற்குள்ளேயே உள்ளன. கறுத்திருக்கும் அந்த மேல்மண்ணே பயிரின் உணவறை. அதன் கீழுள்ள சிவந்த மண் வேருக்குப் பிடிப்பைத் தரும். உணவு மிகுதியாகத் தராது.

சிலாங்கூரின் உட்பகுதியில் உள்ள மண்ணில் பெரும்பகுதி கருங்கல் முதலிய பாறைகள் சிதைந்து உண்டானது. அது புளிப்புத் தன்மை உடையது. கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இம்மழை, மண்ணிலுள்ள சத்துகளைக் கரைத்து இடைவிடாமல் கீழே இழுத்துச் செல்கிறது. அப்படியானால் பெருங்காடு எவ்வாறு செழித்தது? உதிர்ந்த இலை மட்கியது, மட்கிலிருந்து வெளிப்பட்ட சத்தை வேர் உடனே உறிஞ்சியது, மீண்டும் இலையாக்கியது. காட்டின் செல்வம் மண்ணில் முடங்கிக் கிடந்ததன்று, ஓயாது சுழன்றுகொண்டிருந்தது. காட்டை அழித்தபோது அச்சுழற்சி அறுந்தது.

துப்புரவாகக் களைந்த காலம்

1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து இந்நாட்டின் ரப்பர்த் தொழில் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அக்காலத் துரைமார்கள், மரத்தின் உணவைப் புல் திருடிக்கொள்ளும் என்று எண்ணினர். ஒரு புல்லும் தலைகாட்டாத தரையே நல்ல நிருவாகத்திற்கு அடையாளம் எனக் கருதப்பட்டது. நம் முன்னோர் நிரை நிரையாக நின்று, மண்வெட்டியால் தரையைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்து வைத்தனர்.

விளைவு என்ன? மூடாக்கு இல்லாத சரிவில் மழைத்துளி நேராக விழுந்தது. துளியின் அடியால் மண் கட்டி உடைந்தது. உடைந்த மண் நீரோடு ஓடியது. மரங்களின் பக்கவேர்கள் வெளியே தெரிந்தன. ஈயச் சுரங்கங்கள் வெளியேற்றிய மணலோடு தோட்டங்களின் மேல்மண்ணும் சேர்ந்து ஆறுகளின் படுகையை உயர்த்தியது. 1926இல் கோலாலம்பூர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அதற்குக் கனமழை முதற்காரணமே. ஆயினும் தூர்ந்த ஆறு தன் கரைக்குள் எவ்வளவு நீரைத் தாங்க இயலும்? மலைச்சரிவில் இழந்த மண், கீழேயுள்ள ஊருக்கும் பகையாகிவிடுகிறது.

இதே களிமண் மனிதனுக்கு வேறு வகையில் பயன்பட்டதும் உண்டு. 1881இல் நேர்ந்த தீக்கும் வெள்ளத்திற்கும் பின்னர்க் கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்ட முடிவு செய்யப்பட்டது. அதற்குச் செங்கல் அறுத்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. செங்கல்லுக்கு உயிர் வேண்டியதில்லை. சூளையில் சுட்டால் போதும். பயிர் விளையும் மண்ணுக்கோ உயிர் வேண்டும். உயிர் நீங்கிய மண் வெயிலில் செங்கல்லைப் போலவே இறுகிவிடும்.

கொடி வந்த கதை

1925இல் சட்டத்தின் வழி அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இச்சிக்கலை ஆராயத் தொடங்கியது. அக்கழகத்தின் மண்ணியல் அறிஞர் ஹெய்ன்ஸ், ரப்பர்த் தோட்டங்களில் தானே வளரும் கீழ்ச்செடிகளின் பயனைப் பற்றியும் அவற்றைக் கட்டுக்குள் வைப்பதைப் பற்றியும் 1934இல் ஒரு நூல் எழுதினார். எல்லாக் களையும் பகையன்று. லாலாங் போன்ற தீய களைகளை நீக்கி, ஏனையவற்றை அளவோடு வளரவிடலாம் என்னும் எண்ணம் பரவியது.

அதனினும் சிறந்த வழி, அவரைக் குடும்பத்துக் கொடிகளை நடுவதாகும். புவராரியா, செந்திரோசிமா, கலப்பகோனியம் ஆகியவை தோட்டத் தொழிலாளர் நன்கறிந்த மூடுகொடிகள். இவை நான்கு தொண்டுகள் செய்கின்றன. மழைத்துளியின் அடியைத் தாங்குகின்றன. வெயிலிலிருந்து மண்ணைக் காக்கின்றன. லாலாங்கை நிழலால் ஒடுக்குகின்றன. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன.

நான்காவது தொண்டு எவ்வாறு நடைபெறுகிறது? இக்கொடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடிக்குத் தருகின்றன. கொடி அவற்றுக்குச் சர்க்கரையைத் தருகிறது. ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மூடுகொடிகளை ஆராய்ந்து அகமுத்து, பிராட்டன் ஆகிய இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, அவை ஆண்டுக்கு எக்டருக்குச் சராசரி 150 கிலோ தழைச்சத்தைச் சேர்ப்பதாகக் கணக்கிட்டது. மரங்கள் வளர்ந்து நிழல் கூடியதும் கொடி மெல்ல மடிகிறது. ஆனால் அது விட்டுச்சென்ற மட்கு மரத்திற்கு உணவாகிறது.

இயற்கை வேளாண்மையின் நான்கு விதிகள்

ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு, 1924 முதல் 1931 வரை இந்தியாவில் இந்தூரில் ஆராய்ச்சி நடத்தினார். இந்திய உழவர்களையும் காட்டையும் தம் ஆசிரியர்களாகக் கொண்டு, கூட்டெரு செய்யும் முறை ஒன்றை வகுத்தார். அது இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது. அவரைப் போன்றோர் கண்ட உண்மைகளைத் தோட்ட மொழியில் நான்கு விதிகளாகச் சொல்லலாம்.

முதலாவது, மண்ணை வெறுமையாக விடாதே. கொடியாலோ சருகாலோ எப்போதும் மூடு.

இரண்டாவது, எடுத்ததைத் திருப்பிக் கொடு. சருகு, தழை, சாணம், காய்கறிக் கழிவு ஆகியவை குப்பையல்ல. மண்ணுக்கு நாம் தரவேண்டிய கடன்.

மூன்றாவது, ஒன்றையே விதைக்காதே. பலவகைப் பயிர் கலந்தால் பூச்சியும் நோயும் ஒரே மூச்சில் பரவா.

நான்காவது, மண்ணின் உயிரைக் கொல்லாதே. மண்புழு துளையிட்ட வழியில்தான் காற்றும் நீரும் உள்ளே செல்கின்றன.

மண்ணுக்கு நஞ்சு, மனிதனுக்கும் நஞ்சு

நான்காவது விதி நம்மோடு நேரடித் தொடர்புடையது. லாலாங்கைக் கொல்ல ஒருகாலத்தில் தோட்டங்களில் சோடியம் ஆர்செனைட் என்னும் கொடிய நஞ்சு தெளிக்கப்பட்டது. 1960களில் பாராகுவாட் வந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களுள் பெரும்பாலோர் நம் தாய்மாரும் சகோதரிமாரும் ஆவர். நகம் கருகுதல், மூக்கில் குருதி வடிதல், தோல் வெந்துபோதல் முதலியவை அந்த நஞ்சால் விளையும் கேடுகள். அதை விழுங்கினால் முறிமருந்து கிடையாது. 2002இல் அதனை விலக்க முடிவு செய்யப்பட்டுப் பின்னர் 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 சனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

வேறு களைக்கொல்லிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றைக் கையாளும்போது கையுறை, காலணி, முகமூடி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை, அணிவது கடமை. காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது. அந்த உடையோடு பிள்ளையைத் தூக்கலாகாது. மூடுகொடி செழித்த இடத்தில் மருந்தடிக்கும் சுற்றுகள் குறையும். ஆகவே மண்ணைக் காக்கும் முறையால் முதலில் நலம் பெறுபவர் தொழிலாளியே.

அவசரம் ஆகாது

இயற்கை முறை நல்லது என்பதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? இலங்கையில் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. உழவர்களுக்குப் போதிய கூட்டெருவும் இல்லை, பயிற்சியும் இல்லை, காலமும் இல்லை. நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. மலையகத் தமிழர் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. பிழை இயற்கை முறையில் இல்லை. ஆயத்தமின்றி அதனைத் திணித்ததில் இருந்தது. மண்ணில் மட்கைச் சேர்க்கப் பல பருவங்கள் வேண்டும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. கொடி தழைச்சத்தைக் காற்றிலிருந்து பெறும். மணிச்சத்தை அவ்வாறு பெற இயலாது. அதனால்தான் மூடுகொடி நடும்போது பாறைப் பாஸ்பேட்டு இடுகிறோம். மண்ணில் இல்லாததை நாம் கொடுத்தே தீரவேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் செய்து பாருங்கள்

வீட்டின் பின்புறம் ஒரு மீட்டர் நீள அகலத்தில் இடம் போதும். உலர்ந்த சருகு ஓர் அடுக்கு, பச்சைத் தழையும் காய்கறித் தோலும் ஓர் அடுக்கு, கோழி எரு அல்லது சாணம் சிறிது, மேலே மெல்லிய மண் என்று அடுக்குங்கள். சருகின் அளவு பச்சையைப் போல் இரு மடங்கு முதல் மும்மடங்கு இருக்கட்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியவேண்டும். ஒழுகினால் ஈரம் மிகுதி. இரு வாரத்திற்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். குவியல் உள்ளே சூடேறுவது நல்ல அறிகுறி. ஏறத்தாழ மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கறுத்த எரு கிடைக்கும். இறைச்சி, மீன், எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்காதீர். எலியும் ஈயும் வரும்.

ரப்பர் இலை உதிரும் பருவத்தில் சருகைக் கூட்டி எரிக்காதீர். திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். மேலும் மண்ணுக்குரிய உணவைப் புகையாக்குவதாகும். கீரை, வெண்டை, கத்தரி ஆகியவற்றை ஒரே பாத்தியில் மீண்டும் மீண்டும் நடாமல், இடையே பயற்றங்காயோ சிறகவரையோ நடுங்கள்.

கிள்ளான் கடற்கரையோரத்திலும் கேரித் தீவிலும் வாழ்வோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடல் விட்டுச்சென்ற களிமண்ணின் அடியில் கந்தகம் கலந்த அடுக்கு இருக்கக்கூடும். வாய்க்காலை மிக ஆழமாக வெட்டி அதனைக் காற்றுப்படச் செய்தால், மண் கடும் புளிப்பாகிப் பயிர் கருகும். அங்கே நீர்மட்டத்தைக் காப்பதே மண்ணைக் காப்பது.

நகரம் சூழ்ந்தாலும் நில அறிவு வேண்டும்

மலேசியச் சுற்றுச்சூழல், தொழில்நுட்ப, மேம்பாட்டு மையம் 1985இல் தொடங்கப்பெற்றுச் சுங்கை பூலோவில் ஓர் இயற்கை வேளாண் பண்ணையை நடத்தியது. 2001இல் இயற்கை வேளாண் உணவுக்கென எம்.எஸ். 1529 என்னும் மலேசியத் தரம் வகுக்கப்பட்டது. அதே சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மரம் வளர்த்த பரந்த நிலம், இன்று ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனத்தால் குவாசா டாமன்சாரா நகரமாக மாறிவருகிறது.

தோட்டங்கள் பல நகரங்களாயின. இன்னும் பால்வெட்டுவோரும் உள்ளனர். அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோரும் உள்ளனர். இருசாரார்க்கும் ஒரு செல்வம் பொது. எந்தச் சரிவில் நீர் ஓடும், எந்தக் கொடி எந்தக் களையை ஒடுக்கும், எந்த மண்ணில் புழு இருக்கும் என்னும் அறிவே அது. மூன்று தலைமுறை கையால் கற்ற அந்த அறிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தொட்டி மண் இருந்தாலும் அதற்குப் போதும்.

பயிற்சி வினாக்கள்

1. புல்லைத் துப்புரவாகக் களைந்ததால் மண்ணுக்கும் ஆற்றுக்கும் நேர்ந்த தீங்கு யாது?
2. மூடுகொடியின் வேர்முடிச்சு செய்யும் வேலை என்ன? அது நடைபெறுவதை எவ்வாறு அறியலாம்?
3. மழை பெய்தவுடன் உங்கள் வீட்டுக்கு அருகே ஓடும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். மறுநாள் அடியில் படிந்திருப்பது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளோடு ஆராயுங்கள்.