‘நான் சொன்னனான்தானே’

அன்புள்ள மருமகனுக்கு,

நவம்பர் 1ஆம் திகதி இரவு எங்கள் வீட்டு நிலவறையில் பதினொரு பேர் இருந்தோம். பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் 1993க்குப் பிறகு முதல் தடவையாகக் கிண்ணம் ரொறன்ரோவுக்கு வந்திருக்கும். வரவில்லை. பதினொராவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸ் 5, புளூ ஜேஸ் 4 என்று முடிந்தது. பேஸ்போல் விதிகளை இந்த ஒக்டோபரில்தான் படித்துக்கொண்ட உன் அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ மட்டும் கைபேசியைப் பார்த்துச் சிரித்தாய். ‘எனக்கு நட்டமில்லை மாமா, எட்டாவது இன்னிங்ஸிலயே டொட்ஜர்ஸுக்கும் போட்டிட்டன்’ என்றாய்.

அந்தச் சிரிப்பு மூன்று வாரமாக என் மனதைவிட்டுப் போகவில்லை. நேரில் சொன்னால் நீ ஒரு பகிடி விடுவாய், நானும் சிரித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். செப்ரெம்பரில் உனக்கு 19 வயதாகிவிட்டது. ஒன்ராறியோச் சட்டப்படி நீ செய்தது குற்றமில்லை. ஏசுவதற்காகவும் நான் எழுதவில்லை. உன்னிடமிருந்து ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அது என்னிடமிருந்தும் ஒருமுறை போனது.

நீ சின்ன வயதிலிருந்து பார்த்த எங்கள் வெள்ளி இரவு மேசையை நினைத்துப் பார். நாலு பேர் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள், சுற்றி நிற்கும் ஆறு பேர் வாயால் விளையாடுவார்கள். எங்கள் ரொறன்ரோ ஹொக்கி அணி லீவ்ஸ் இந்த வருடமாவது கிண்ணம் தூக்குமா, ட்ரம்ப் நாளைக்கு எந்தப் பொருளுக்கு வரி போடுவார், யாருடைய லொட்டோச் சீட்டில் மூன்று எண் விழுந்தது என்று கதை எங்கோ தொடங்கி எங்கோ போகும். உனக்குப் பத்து வயதிருக்கும்போது, ‘அஜக்ஸ் என்பது ஆம்ஸ்ரடாம் கால்பந்துக் கழகத்தின் பெயர்’ என்று நீ அடித்துச் சொன்னாய். மேசையில் மூத்தவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 1939 டிசம்பர் 13ஆம் திகதி தென்னமெரிக்கக் கரையோரம் ஜெர்மன் கப்பல் கிராஃப் ஸ்பேயோடு மோதிய மூன்று கப்பல்களில் ஒன்றின் பெயர்தான் நம் ஊருக்கு வைக்கப்பட்டது என்றார். அந்தக் கப்பல்களை நடத்திய தளபதி ஹார்வுட். நாங்கள் தினமும் கார் ஓட்டிப் போகும் ஹார்வுட் அவெனியூ அவர் பெயரில் இருக்கிறது. மற்ற இரண்டு கப்பல்களான எக்சிற்றர், அக்கிலிஸ் பெயர்களிலும் இங்கே தெருக்கள் உண்டு. நீ தோற்றாய். ஒரு சதமும் போகவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லி ஆசிரியரிடம் பாராட்டு வாங்கினாய்.

இந்தக் கதைக்கிற பழக்கம் எங்களோடு விமானத்தில் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு பத்திரிகையை ஏழு பேர் பங்கு போட்டு வாசிப்பார்கள். இரவில் பிபிசி தமிழோசை கேட்டுவிட்டு வந்து, அமெரிக்க ஜனாதிபதி என்ன செய்ய வேண்டும் என்று சைக்கிளில் சாய்ந்து நின்றபடி தீர்ப்புச் சொல்வார்கள். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டத்தை ‘வடக்கின் பெரும் போர்’ என்போம். அது நடக்கும் நாட்களில் அண்ணன் தம்பிகள்கூட இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். பந்தயமும் உண்டு. தோற்றவன் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் வென்றவனுக்குச் சோடா பெரிதில்லை. ‘நான் சொன்னனான்தானே’ என்று ஒரு வருடம் சொல்லித் திரியலாம். அதுதான் பரிசு.

அந்த ஒரு வசனத்தைச் சொல்லும் ஆசைக்கு இப்போது கம்பனிகள் விலை வைத்திருக்கின்றன. ‘அவ்வளவு நிச்சயம் என்றால் காசைப் போடு’ என்று கைபேசி கேட்கிறது.

இது எப்படி நடந்தது என்று நீ அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உன் வயதும் இதன் வயதும் ஒன்று. நீ பிறந்த 2006இல்தான் அஜக்ஸ் டவுன்ஸ் குதிரைப் பந்தயத் திடலில் சூதாட்ட இயந்திரங்கள் வந்தன. பிறகு 2021இல் 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே, நம் ஊர் எல்லையோரம், பிக்கரிங் கசினோ திறந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் திகதி கனடாவில் சட்டம் மாறியது. அதுவரை குறைந்தது இரண்டு மூன்று ஆட்டங்களைச் சேர்த்துத்தான் சட்டப்படி பந்தயம் கட்டலாம். அன்றிலிருந்து ஓர் ஆட்டத்துக்கே கட்டலாம். 2022 ஏப்ரல் 4ஆம் திகதி ஒன்ராறியோ, தனியார் கம்பனிகளின் இணையச் சூதாட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. கசினோவுக்குப் போக ஒருவன் சட்டை மாற்ற வேண்டும், கார் எடுக்க வேண்டும், யாராவது காண்பார்களோ என்று யோசிக்க வேண்டும். கைபேசியில் உள்ள பந்தயச் செயலிக்கு அது எதுவும் தேவையில்லை. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் ஒன்ராறியோவின் இந்தச் சந்தையில் கட்டப்பட்ட தொகை ஏறத்தாழ 63 பில்லியன் டொலர். வென்றவர்களுக்குக் கொடுத்ததுபோகக் கம்பனிகளிடம் தங்கியது 2.4 பில்லியன். அந்த 2.4 பில்லியனும் விளையாடியவர்களின் பையிலிருந்து போனது.

உனக்குக் கணக்குப் பிடிக்கும், கணக்காகவே சொல்கிறேன். சரிசமமான இரண்டு அணிகள் மோதினால் செயலி இரண்டு பக்கமும் 1.91 என்று காட்டும். 20 டொலர் போட்டு வென்றால் 38 டொலர் 20 சதம் திரும்பி வரும். நியாயமான கணக்கில் 40 வர வேண்டும். இப்படி நூறு தரம் போட்டு, பாதியில் வென்று பாதியில் தோற்றால் நீ கொடுத்தது 2,000, வாங்கியது 1,910. சரிபாதி சரியாகச் சொன்னவனுக்கே 90 டொலர் நட்டம். நட்டமில்லாமல் நிற்க நூற்றுக்கு 53 தரம் சரியாகச் சொல்ல வேண்டும். அதையும் தாண்டித் தொடர்ந்து வெல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டக்கூடிய தொகையைக் கம்பனி குறைத்துவிடுவது வழக்கம்.

உன் சிநேகிதர்கள் விரும்பும் பார்லே, அதாவது கோத்த எல்லா ஆட்டமும் சரியாக வந்தால்தான் காசு தரும் பந்தயம், இதைவிட மோசம். அப்படிப்பட்ட நாலு ஆட்டங்களைக் கோத்தால் செயலி 13.31 மடங்கு தரும். உண்மையான வாய்ப்பு பதினாறில் ஒன்று. நூறு டொலருக்குச் சராசரியாக 17 டொலர் கம்பனிக்குப் போகிறது. எத்தனை ஆட்டம் கோக்கிறாயோ அத்தனை தரம் அது தன் பங்கை எடுக்கும். அதனால்தான் திரையில் பார்லேயை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

நீ ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகன். அதில் ஆடிய ஜொன்ரே போர்ட்டர் உனக்கு நினைவிருக்கும். 2024 மார்ச் 20ஆம் திகதி சக்ரமென்ரோவுக்கு எதிரான ஆட்டத்தில் மூன்று நிமிடம் ஆடிவிட்டு, சுகமில்லை என்று வெளியே போனவர். அன்று அவர் குறைவாகவே புள்ளி எடுப்பார் என்பதை உள்ளடக்கிய 80,000 டொலர் பார்லே ஒன்றை ஒருவர் கட்டியிருந்தார். வென்றிருந்தால் 11 இலட்சம் டொலர் கிடைத்திருக்கும். கம்பனி சந்தேகப்பட்டு நிறுத்திவைத்தது. ஏப்ரல் 17ஆம் திகதி என்.பி.ஏ. அவரை வாழ்நாள் முழுவதற்கும் தடைசெய்தது. ஜூலையில் நியூயோர்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடனில் அமிழ்ந்திருந்தவரை, ஆட்டத்திலிருந்து வெளியேறிக் கடனைத் தீர் என்று நெருக்கியிருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 24. கோடிப் பேர் கனவு காணும் சட்டையைப் போட்டிருந்த பையன். அவர் செய்த மோசடியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவரும் ஒரு நாள் சின்னத் தொகையில்தான் தொடங்கியிருப்பார்.

உனக்கும் அந்தத் தொடக்கம் 19 வயதில் வரவில்லை. பதினொரு வயதில் ஒரு கால்பந்துக் கணினி விளையாட்டில், உள்ளே எந்த வீரன் இருக்கிறான் என்று தெரியாத பொதிகளை அம்மாவின் கடனட்டையில் வாங்கினாய். பில் வந்த அன்று வீட்டில் சத்தம் போட்டோம், கடவுச்சொல்லை மாற்றினோம், அதோடு விட்டோம். பெல்ஜியம் 2018இலேயே அப்படிப்பட்ட மூடிய பெட்டிகளைச் சூதாட்டம் என்று தீர்மானித்திருந்தது. நாங்கள் அதைச் சிறுவர் விளையாட்டு என்று எண்ணினோம். அது எங்கள் பிழை, உன்னுடையது அல்ல.

இனி என் கதை. உன் அம்மாவுக்குத் தெரியாது, நீ சொல்லலாம். 2022, 2023 இரண்டு குளிர்காலமும் என் கைபேசியிலும் ஒரு செயலி இருந்தது. ஹொக்கிக்குத்தான் போட்டேன், பத்தும் இருபதுமாக. ஒருநாள் கணக்கு வரலாற்றைத் திறந்து கூட்டிப் பார்த்தேன்: 4,180 டொலர். அந்தத் தொகை என்னைச் சுட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. மேசையில் நான் கதைப்பதை நிறுத்தியிருந்தேன். சீட்டுக் கையில், கண் கைபேசியில். ஓர் இரவு லீவ்ஸுக்கு எதிராகக் கோல் விழுந்தபோது என் உடம்பு தானாக நிமிர்ந்தது, ஏனென்றால் மொத்தம் ஆறு கோலுக்கு மேல் என்று போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தலையில் கை வைத்திருந்தார். இருபது வருடம் அவரோடு சேர்ந்து தோற்றவன் நான். அந்த நிமிடம் அவருக்கு எதிர்ப்பக்கம் இருந்தேன், அது அவருக்குத் தெரியாது. நவம்பர் 1ஆம் திகதி உன் முகத்தில் நான் கண்டது அதைத்தான்.

தோற்ற அணிக்காகச் சேர்ந்து வருந்துவதில் என்ன இலாபம் என்று கேட்பாய். 1967க்குப் பிறகு லீவ்ஸ் கிண்ணம் தூக்கவில்லை. போன மே மாதம்கூட ஃபுளோரிடாவிடம் சொந்த அரங்கில் ஏழாவது ஆட்டத்தை 6க்கு 1 என்று கொடுத்தார்கள். அந்தத் தோல்வியைப் பற்றி நாங்கள் இன்னும் கதைக்கிறோம். நாட்டுக்கு வந்த புதிதில் பேசத் துணிவில்லாமல் வேலை செய்த தொழிற்சாலையில், கிரேக்கரோடும் ஜமேக்கரோடும் எனக்கு முதல் வார்த்தையை எடுத்துத் தந்தது லீவ்ஸின் தோல்விதான். அந்தச் சிநேகிதம் செயலியில் வாங்கக் கிடைக்காது.

அமெரிக்க அரசியலிலும் இப்போது இதே கதை. தேர்தலுக்கும் காசு கட்டலாம், நீயும் உன் கூட்டாளிகளும் அதன் விகிதங்களைக் கருத்துக்கணிப்புப்போல வாசிக்கிறீர்கள். 2025 பெப்ரவரியில் ஸ்கொஷியாபாங்க் அரங்கில் அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூச்சல் எழுந்ததை நீ நேரில் பார்த்தவன். கனடாவை ‘51ஆவது மாநிலம்’ என்ற ட்ரம்பின் பேச்சுக்கு மக்கள் அப்படிப் பதில் சொன்னார்கள். அது சரியா பிழையா என்று மேசையில் இரண்டு வெள்ளி சண்டை பிடித்தோம், நல்ல சண்டை. பிறகு அமெரிக்க வரிகளுக்கு நடுவே, மே மாதம் ஒஷாவா ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையில் மூன்றாவது ஷிப்ற் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அங்கிருந்து கார்ப் பாகம் ஏற்றும் ஒருவர் அதே மேசையில் இருக்கிறார். வரி கூடும் என்று காசு கட்டியவன், வரி கூடும்போது சந்தோசப்பட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னால் அது முடியுமா?

வள்ளுவர் சூதை எங்கே வைத்தார் என்று பார். கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம், சூது 94, மருந்து 95. மதுவுக்கும் மருந்துக்கும் நடுவே. அதுவும் பொருட்பாலில். இது தனி மனிதனின் பாவக் கணக்கு மட்டுமல்ல, நாட்டை நடத்துகிறவனும் கவனிக்க வேண்டிய நோய் என்றுதான் நான் அந்த வரிசையை வாசிக்கிறேன். ஒன்ராறியோ 2024 பெப்ரவரி 28 முதல் விளையாட்டு வீரர்களை இந்த விளம்பரங்களில் காட்டத் தடை போட்டது நல்லது. விளம்பரத்தையே ஆட்ட நேரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நீ செய்ய வேண்டியதை நீயே தீர்மானி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: செயலியைத் திறந்து, முதல் நாளிலிருந்து போட்டதையும் எடுத்ததையும் ஒரு கடதாசியில் எழுதிக் கூட்டிப் பார். எனக்குக் காட்ட வேண்டாம். நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் கொனெக்ஸ் ஒன்ராறியோ உதவிச் சேவையின் 1-866-531-2600 இலக்கத்துக்கு எடு, காசில்லை, பெயரும் கேட்க மாட்டார்கள். என் கதவும் எந்த நேரமும் திறந்திருக்கும்.

304இல் ஏன் 304 என்று நீ ஒருமுறை கேட்டாய், நான் விளையாட்டு மும்முரத்தில் பதில் சொல்லவில்லை. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. கேட்கிறவன் துரும்பைக் கவிழ்த்து வைப்பான். விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதிரே இருப்பவரின் முகத்தையும் வாசித்து, அது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். உனக்கு அந்த மூளை இருக்கிறது.

மேசையில் ஒரு கை குறைகிறது. வெள்ளி எட்டு மணிக்கு வா, கைபேசியைக் காரில் வைத்துவிட்டு.

அன்புடன்,
மாமா
அஜக்ஸ், 2025 நவம்பர் 22